தொண்ணூற்றெட்டாம் நாள்

செவலூரணி சமுதாயக் கூடத்துச் சுவர்ப்பலகை அன்று காலையும் அதையேதான் காட்டியது: 214 பேர், 214 பேரும் நலம். ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் இருந்த பட்டைகள் நாடி பார்த்து அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

நூறு நாள் யாருக்கும் நோய் வராமலிருந்தால் ஊருக்குக் குடிநீர்க் குழாய் வரும். ஒருவர் படுத்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கிராமசபையில் எல்லோரும் கைதூக்கி ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது. முதலில் கைதூக்கியவள் இருளாயி.

சுகாதாரத் தொண்டர் பவுன்ராணி எதேச்சையாக அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, இருளாயி பாயில் கிடந்தாள். உயிர் போய் உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் முனீஸ்வரியின் இரண்டு மணிக்கட்டிலும் பட்டைகள் பச்சையாக மின்னின.

"எப்படிடி ஆச்சு?"

"நாலு நாளா வயித்தால போச்சு மதினி. ஊரணித் தண்ணிதான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாவே பட்டையைக் கழட்டி என் கையில கட்டிவிட்டுருச்சு."

பவுன்ராணியின் தோள்பையில் உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. நேற்றும் முந்தாநாளும் இந்த வாசலைத் தாண்டித்தான் போனாள். பலகை நலம் என்று சொன்னதால் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அவள் குனிந்து, மகளின் கையிலிருந்த தாயின் பட்டையை அவிழ்க்கப் போனாள். முனீஸ்வரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத் தொண்ணூத்தெட்டு. இன்னும் ரெண்டு நாள் பொறுங்க மதினி" என்றாள். "அதுவரைக்கும் நான் அழ மாட்டேன்."