நீலக்குருவித் திட்டம்

“மூணு பேரும் போனை இந்தக் கூடையில போடுங்க. ஜன்னலை யாரும் தொறக்கக் கூடாது,” என்றார் கோட்டு போட்டவர். இடுப்பில் துப்பாக்கியோடு நின்றவன் வெளியே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான்.

ஆர்லீன் ஸ்ட்ராவுட் போனைக் கூடையில் போட்டாள். துப்பாக்கிக்காரன் உள்ளூர்க் காவலன்தான். அவன் சம்பளத்துக்கே அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். கோட்டுக்காரர் ஒரு கம்பெனியின் வக்கீல். கவுண்டி என்கிற அந்தச் சிறு மாவட்டத்தின் நிர்வாகக் குழுவில் ஆர்லீன் உட்பட மூன்று உறுப்பினர்களையும் அவர்களுடைய அலுவலகத்திலேயே அடைத்துவைத்திருந்தார். கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். ‘நீலக்குருவித் திட்டம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஓட்டெடுப்பு முடிந்த பிறகுதான் பெயர்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஆலையை இழுத்துவர ஆசைப்படும் கவுண்டிகளுக்கு இது பழகிப்போன சடங்கு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. யாரோ ஓர் அண்டைக் கவுண்டியின் வயிற்றில் அடிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்டு எதற்குச் சங்கடப்பட வேண்டும்?

ஜன்னலைச் சாத்தியதில் ஊரின் கோழி இறைச்சி ஆலை வாடை அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளியூர்க்காரர்கள் யாராக இருந்தாலும் கைக்குட்டையைத் தேடுவார்கள். வக்கீல் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாசூக்குத் தெரிந்த மனிதர் என்று ஆர்லீன் நினைத்துக்கொண்டாள்.

“பதினஞ்சு வருஷம் வரி கிடையாது. ரோடும் கழிவுநீர்க் குழாயும் உங்க செலவு. முந்நூறு பேருக்கு வேலை எங்க பொறுப்பு. எழுதியே தர்றோம்,” என்றார் அவர்.

“அந்தச் செலவுக்கு வடக்குப் பக்கத்து ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடணும்,” என்று உறுப்பினர் ட்வைன் ப்ரூயிட் மேசையைத் தட்டினார். “மாரடைப்பு வந்தவன் நாப்பது மைலுக்கு அந்தாண்டயிருந்து வண்டி வர்ற வரைக்கும் உசுரைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பானா? என் ஓட்டு வேண்டாம்னுதான்.”

“வேலையே இல்லாத ஊருக்கு ஆம்புலன்ஸ் எதுக்குய்யா? ஏத்திட்டுப் போக ஆள் வேணாமா?” என்று சிரித்தார் தலைவர் ஹாய்ட் பிக்கல். “நான் சரின்னு சொல்றேன்.”

இரண்டு பேரும் ஆர்லீனைப் பார்த்தார்கள்.

அவளுடைய அக்கா வாண்டா வடக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். இருமுறை நெஞ்சுவலி வந்து, இரண்டு முறையும் அந்த ஆம்புலன்ஸ்தான் காப்பாற்றியது. மகன் கோல்பி பிழைப்பைத் தேடி டெக்சாஸ் போய்விட்டான். பிறந்த பேத்தியை ஆர்லீன் போனில்தான் பார்த்திருக்கிறாள். ‘கோழி ஆலையில புதுசா ஆளே எடுக்கறதில்ல. வேற ஒரு வேலை மட்டும் இருக்கட்டும்மா, மறுநாளே மூட்டையைக் கட்டிடுவேன்’ என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறான்.

“ஒரு நாள் டைம் குடுங்க. யோசிச்சுச் சொல்றேன்.”

“இந்தக் கதவு தொறந்தா பேச்சு முடிஞ்சுது, மேடம். பக்கத்துக் கவுண்டி வாசல்லயே நிக்குது.”

எலிப்பொறியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. எந்தப் பக்கம் கை தூக்கினாலும் பெற்ற பிள்ளைக்கோ கூடப்பிறந்தவளுக்கோ துரோகம். பேத்தியின் முகத்தை நினைத்தாள்.

“சரி,” என்றாள்.

ஹாய்ட் கை தட்டினார். ட்வைன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆர்லீன் கையெழுத்துப் போட்டாள். என் பிள்ளை திரும்பி வர, எங்கேயோ முந்நூறு தாய்மார்களின் பிள்ளைகள் மூட்டை கட்டப்போகிறார்களே என்ற நினைப்பு அவளை உறுத்தியது. அக்காவுக்குச் செய்தது போதாதென்று இது வேறா?

“யாரும் கேக்க மாட்டாங்க, நான் கேக்கறேன்,” என்றாள் அவள். “எந்த ஊர் வாய்ல மண்ணைப் போட்டுட்டு நீங்க இங்க வர்றீங்க?”

வக்கீல் காகிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, ஆற்றங்கரையில் புகைந்துகொண்டிருந்த கோழி ஆலையைக் கையால் காட்டினார்.

“நாங்க எங்கேயிருந்தும் வரல, மேடம். போகாம இருக்கோம்.”