ரேடியோவுக்கு ஆள் தேவை

அலுவலக ஆண்டுவிழா நாடகத்தில் மேனேஜர்தான் கதாநாயகன்.

“எனக்கும் ஒரு சின்ன வேஷமாவது குடுங்க சார்” என்று தலையைச் சொறிந்தார் குமாஸ்தா.

“கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்திருக்கியாய்யா? வசன நோட்டோட திரைக்குப் பின்னால நில்லு. நான் எங்கேயாவது தடுமாறினா எடுத்துக் குடு. தடுமாற மாட்டேன், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

நாடகம் முடிந்ததும் வானொலி நிலைய அதிகாரி ஒப்பனை அறைக்கு வந்தார். ரேடியோ நாடகத்துக்கு அவர் புதுக் குரல் தேடுவது எல்லோருக்கும் தெரியும். மூலையில் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

“ஹால்ல உட்கார இடமில்ல. மேடைக்குப் பக்கத்துல ஓரமா நின்னுதான் கேட்டேன். என்ன குரல்! என்ன ஏற்ற இறக்கம்! ஒரு வார்த்தை பிசகல.”

மேனேஜர் ஒட்டு மீசையைத் தடவிக்கொண்டார். “ரெண்டு மாசமா ராப்பகலா மனப்பாடம் பண்ணினேன் சார். ரெக்கார்டிங் என்னிக்கு?”

“திங்கட்கிழமை. காலையில பத்து மணிக்கு வரச் சொல்லுங்க.”

“யாரை?”

“ஒவ்வொரு வசனமும் என் காதுல ரெண்டு தடவை விழுந்துச்சு சார். முதல் தடவை சொன்னாரே, அவரை.”