கார்டு தேய்த்த இடம்

“என் ஒய்ஃப் சார். உயிரோட இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்.”

பொம்மனஹள்ளி மருந்துக்கடையில் கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு, பிரகாஷ் தன் மொபைலைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். திரையில் கல்யாண போட்டோ. மாலையும் கழுத்துமாக ரூபினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் மைக்கேல்ராஜ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “எந்த ஊர் சார் நீங்க?”

“ஆம்பூர். வீட்ல சின்னச் சண்டை. கோவிச்சுக்கிட்டுப் போனவதான், ஒரு தகவலும் இல்ல. போனைக்கூட எடுத்துட்டுப் போகல. பேங்க் கார்டு மட்டும் அவகிட்ட இருக்கு.”

“அப்போ இந்த ஏரியாலதான் இருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?”

பிரகாஷ் மெயிலைத் திறந்து காட்டினான். ரூபினிக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவன் அவன்தான். மெயில் முகவரி கேட்ட இடத்தில் தன்னுடையதைக் கொடுத்திருந்தான். அவள் எங்கே கார்டைத் தேய்த்தாலும், அடுத்த நிமிடமே கடையின் பெயரோடு பேங்கிலிருந்து அவனுக்குத் தகவல் வந்துவிடும்.

வெகுநாள் ஒன்றும் வரவில்லை. போன வாரம்தான் முதல் மெயில், ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து. அடுத்து ஒரு பேக்கரி. பிறகு இந்த மருந்துக்கடை, திரும்பத் திரும்ப இதே மருந்துக்கடை.

“மெயில் வர்றப்பல்லாம் அழுகை வந்துடுது சார்,” என்றான். “இன்னைக்கு பிரெட் வாங்கியிருக்கா, இன்னைக்கு சோப்பு வாங்கியிருப்பா... அவகூட பேசுற மாதிரியே இருக்கு.”

மைக்கேல்ராஜுக்கு மனது இளகிவிட்டது. ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

“மூஞ்சியை நான் சரியாப் பார்த்ததில்ல சார். எப்பவும் மாஸ்க், தலை மேல துப்பட்டா. ஆனா கன்னடம் இல்ல, தமிழ்லதான் பேசுவாங்க. எல்லாரும் ஸ்கேன் பண்ணிக் காசு போடுறாங்க, இவங்க மட்டும் கார்டை நீட்டுவாங்க. அதனாலதான் ஞாபகம் இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தீக்காயத்துக்குத்தான் மருந்து வாங்குவாங்க. என்ன ஆச்சு சார்?”

பிரகாஷ் மொபைலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“சமைக்கிறப்ப சேலையில பத்திக்கிச்சு. நான் வீட்ல இல்ல.”

“அய்யோ பாவமே.”

“அதான் சார், ஒரு தடவை பார்க்கணும். கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போயிடுவேன்.”

மைக்கேல்ராஜ் தெருவை ஒருமுறை பார்த்தார். “யாரோட அட்ரஸையும் சொல்லக் கூடாது. ஆனா புருஷன் பொண்டாட்டி விஷயம், பிரிஞ்சு இருக்கக் கூடாது. மழையில வர முடியலன்னு போன் பண்ணாங்க, நானே கொண்டு போய்க் கொடுத்தேன். கதவைப் பாதிதான் திறந்தாங்க. பின்னாடி கிராஸ் தெருவுல பச்சை கேட் போட்ட வீடு, மாடி. ஸ்வல்ப... கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க சார், பயந்திருப்பாங்க.”

பிரகாஷ் அவருடைய கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

மத்தியான வெயிலில் பின்தெரு காலியாகக் கிடந்தது. பச்சை கேட்டுக்குப் பூட்டு இல்லை. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் படியேறினான். பாதி வழியில் நின்று, தோள்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். படிக்கட்டு முழுக்கப் பெட்ரோல் வாடை பரவியது.

அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டான். அவள் போட்ட அலறலில் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் பின்பக்கச் சுவரைத் தாண்டி ஓடினான். அதிலிருந்து இதே ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில், பாதி கட்டிய அபார்ட்மெண்ட் ஒன்றின் தகரக் கொட்டகையில் ஒளிந்து கிடக்கிறான். முதல் மெயில் வந்த அன்றுதான் அவள் பிழைத்துவிட்டாள் என்பதே தெரிந்தது. அவள் கோர்ட்டில் ஏறி வாயைத் திறந்தால் அவன் கதை முடிந்தது.

கதவுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஆள் இருக்கிறாள்.

“ரூபினி,” என்று குழைந்தான். “நான்தாம்மா. என்னை மன்னிச்சிடு. கதவைத் திற.”

காலடிச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. தாழ்ப்பாள் விலகியது. பிரகாஷ் பாட்டிலை ஓங்கினான்.

கதவு திறந்த வேகத்தில் அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்து முறுக்கியது. பாட்டில் படிகளில் உருண்டு போனது. கீழே மறைந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் தடதடவென்று மேலே ஓடி வந்தார்கள்.

அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தியவள் சுடிதார் போட்டிருந்தாள். “எஸ்.ஐ. சொர்ணம். ஆம்பூர்லேர்ந்து உனக்காகத்தான் வந்திருக்கேன்,” என்றாள், மூச்சு வாங்காமல்.

பிரகாஷ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வெறும் அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், வேறு யாரும் இல்லை.

“அவ எங்க?” என்று கத்தினான். “எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

சொர்ணம் விலங்கைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“ரூபினி அன்னைக்கு ராத்திரியே செத்துட்டா. கார்டைத் தேய்ச்சதெல்லாம் நான்தான்.”