ஓரத்துத் துண்டு

சாப்பாட்டு டப்பாவின் மூடியில் நான் கை வைத்த நேரம் பார்த்து அறுவை மருத்துவர் உள்ளே வந்தார். பசி வேளையில் வருவதில் அவருக்கு நிகர் அவரேதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கள் இரட்டை நுண்ணோக்கியின் மறுபக்கத்தில் கண்ணை வைத்தார்.

அடியில் கண்ணாடித் தகட்டில் இருந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் கட்டி. அந்தப் பெண் வெளியே பெஞ்சில் கணவரோடு காத்திருக்கிறார். கத்தி வைப்பதா, வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதா என்று மருத்துவர் இன்று சொல்லியாக வேண்டும்.

செல்களின் கரு எல்லாம் அடர்பழுப்பு.

எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்று உத்தரவு போடும் புரதம் ஒன்று உண்டு. செல் தாறுமாறாகப் பெருகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நல்ல நிலையில் இருந்தால் வேலையை முடித்துவிட்டுக் கரைந்துபோகும். கெட்டுப்போனால் கருவுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் புற்றுக்கே துணை போகும். வேலியே பயிரை மேய்ந்த கதை. எங்கள் சாயத்தில் அது பழுப்பாகத் தெரியும்.

சாயம் சரியாகப் பிடித்ததா என்று சரிபார்க்க, அந்தப் புரதம் கெட்டதென்று ஏற்கெனவே தெரிந்த, ஒரு பெண்ணின் பழைய கட்டியின் சீவலையும் ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் ஒட்டுவோம். பல வருடங்களாக ஒரே கட்டிதான்.

அவர் கண்ணாடியை அந்த ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இதையும் பாருங்க, இன்னும் மோசம். இந்தம்மா எல்லாம் எப்பவோ போய்ச் சேந்திருப்பாங்க. வெளிய இருக்கிறவங்களை மட்டும் எதுக்கு வீணா அறுக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டி எப்படிப்பட்டது என்று கண்ணாடி சொல்லும். ஆள் எப்படிப்பட்டவள் என்று அதற்கு என்ன தெரியும்?

"இந்தம்மா இன்னும் சாப்பிடலை டாக்டர். நீங்க கிளம்பினதும்தான் டப்பாவைத் திறப்பாங்க."

அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். என் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

போனை எடுத்து, ஆபரேஷன் தியேட்டரில் அந்த ஓட்டுநருக்கு நாள் கேட்டார்.

நாள் கிடைத்த பிறகுதான் நான் மூடியைத் திறந்தேன்.