மேலே வைத்த தாள்

காமிக்ஸ் ரசிகர் விழாவில், பொழுதுபோக்காக வரைபவர்களுக்குக் குதிரை வரையக் கற்றுக்கொடுத்தார் குணசீலன். படக்கதை வரைந்தே பிழைப்பவர். அவர்கள் படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, பிழையைத் திருத்தி வரைந்து காட்டுவது அவர் வழக்கம். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பிரிசில்லாவின் குதிரைமேலும் வைத்தார். திருத்த ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு குதிரை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. வயிறு எரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போட்ட கோட்டின் மேலேயே இம்மி பிசகாமல் பென்சிலை ஓட்டி, தாளைத் தூக்கிக் காட்டினார். கைதட்டினார்கள்.

"இப்பதான் சார் உசிரே வந்திருக்கு. நான் போட்டது கழுதை!" என்று சிரித்தாள் பிரிசில்லா. "கையெழுத்துப் போட்டு எனக்கே குடுத்துடுங்க சார், பாத்துப் பழகிக்கிறேன்."

"தினமும் பழகும்மா, வரும்" என்ற குணசீலன், குதிரையின் காலடியில் தன் பெயரை முழுசாக எழுதினார்.