வெயில் திருடன்

"இஞ்சேருங்கோ! உந்தக் கஞ்சாக்காரன் இண்டைக்கும் என்ர அவரையை மூடிப்போட்டான்!"

தையல் ஃபக்டரியால் வீடு திரும்பிய யோகமலர் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. பின்வளவில், அவரைப் பந்தலின் மேல் வெளிச்சம் புகாத ஒரு பெரிய கறுப்புப் படங்குச் சீலை. வெயிலோ இன்னும் பளீரென்று எறித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பேனாட்டின் வேலைதான். தோள்வரை முடி, கையெல்லாம் பச்சை குத்தின படங்கள். அவன் பிடிக்கிற புகையின் மணத்தை மொன்றியல் நகரமே அறியும். அவன் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னால் யோகமலர் கதவைச் சாத்திவிடுவாள்.

"பொலிசுக்குச் சொல்லுவமோ?"

"முதல்ல எங்கட அகதி வழக்கு முடியட்டும்," என்றான் கணவன் குலேந்திரன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த விதை முழுவதையும் ஊன்றியாயிற்று. மீன் கழுவின தண்ணீரை நாள் தவறாமல் ஊற்றினாள். கொடி கூரையைத் தொட்டது. பூ மட்டும் இல்லை. காய்க்காவிட்டால் விதைக்கு எங்கே போவது? ஜான்-டலோன் சந்தையிலும் கிடையாது. "கனடாவில அவரையோ?" என்று மேல்வீட்டுக் கமலாவதி சிரித்த சிரிப்பு வேறு.

யோகமலர் படங்கை இழுத்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். பேனாட் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வந்தான்.

"எங்கட வெயிலைக் களவெடுக்கிறியோ?"

பிரெஞ்சு வகுப்புக்குப் போகிற குலேந்திரன் நடுவில் நின்று தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தான்.

"சில சாதிச் செடி பொழுது பாராமல் தன்பாட்டில பூக்குமாம். இது அப்பிடியில்லையாம், நீண்ட இரவு வேணுமாம். இஞ்சத்தைக் கோடையில இருட்ட ஒன்பது மணியாகுதுதானே? பின்னேரமே மூடி, விடியத் திறக்கட்டாம். மீன் தண்ணியையும் நிப்பாட்டட்டாம். அதுக்கு இலைதான் கொழுக்குமாம்."

"கஞ்சாக்காரன்ர கதையைக் கேக்கிறதோ?"

"உன்ர கதைக்கும் ஒண்டும் பூக்கேல்லையே. விட்டுப் பாப்பம்."

அரை மனதோடு விட்டாள். பேனாட் மழையிலும் வந்து மூடினான்.

ஆவணியில் கொடியெங்கும் ஊதாப் பூ! பேந்து கொத்துக் கொத்தாய்க் காய். முதல் கூடை நேரே கமலாவதியின் வாசலுக்குப் போனது.

"கனடா அவரை, அக்கா. கறி வைச்சுப் பாருங்கோ!"

யோகமலருக்குத் தலைகால் புரியவில்லை. முற்றிய காய்களை உடைத்து, அடுத்த வருசத்துக்கு விதையும் எடுத்துவிட்டாள்.

முதல் பனி கொட்டிய மறுநாள், கறிச்சட்டியோடு போய்ப் பேனாட்டின் கதவைத் தட்டினாள். குலேந்திரனும் கூடப் போனான்.

"இதெல்லாம் எப்பிடித் தெரியுமெண்டு கேளுங்கோ."

பேனாட் சிரித்தபடி கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனான். ஆளுயரக் கஞ்சாச் செடிகள், நேரம் பிந்தி அரும்பி, பூ விரியாமலே பனியில் கருகி நின்றன.

"உதுவும் இருட்டுக் கேக்கிற சாதிதானாம்," என்றான் குலேந்திரன்.

"அப்ப உது ஏன் பூக்கேல்லை?"

பேனாட் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னான். குலேந்திரன் அதைத் தமிழில் சொன்னான்.

"அவரிட்டப் படங்கு ஒண்டுதான் இருந்ததாம்."