காடைகள் வெட்டவெளிக்கு வந்த கதை

மலைச்சரிவில் கீழிருந்து தீ ஏறி வந்தது. "எல்லாரும் புல்லுக்குள்ள பதுங்குங்க!" என்றது ஆண் காடை. பெண் காடையும் இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகளும் பதுங்கின. எந்த ஆபத்து வந்தாலும் காடைகள் செய்வது அதுதான்.

தீக்குத் தப்பித் துள்ளும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்த கரிச்சான் குருவி கத்தியது: "அண்ணே, நீங்க ஒளிஞ்சிருக்கிறது தீயோட சாப்பாட்டுக்குள்ள! தீ பரவாம இருக்க வனக்காவலருங்க நேத்தே எரிச்சுவிட்ட கரித்தரை அதோ இருக்கு. அங்க ஓடுங்க. இனிமே எரிய அதுல எதுவுமில்ல."

"வெட்டவெளிக்கா? பருந்து பார்த்துட்டா?"

"பருந்து ஒண்ணைத் தூக்கும். தீ ஒண்ணையும் விடாது."

ஆண் காடை கழுத்தை நிமிர்த்தியது. "எங்க பரம்பரையில யாரும் வெட்டவெளியில நின்னதில்ல."

"ஏங்க, பரம்பரைன்னு ஒண்ணு மிஞ்சணுமில்ல?" என்று கேட்டுவிட்டுப் பெண் காடை குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பியது. புகை கண்ணைக் கரித்ததும் ஆண் காடையும் பின்னாலேயே ஓடியது.

புல்லையெல்லாம் தின்று தீர்த்த தீ, கரித்தரையின் ஓரத்துக்கு வந்ததும் தின்ன ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. சாம்பலில் புரண்ட குஞ்சுகள் கன்னங்கரேலென்று எழுந்து, ஒன்றையொன்று பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன. எது மூத்தது, எது இளையது என்று தாய்க்கே தெரியவில்லை.

நலம் விசாரிக்க அக்கம்பக்கத்துப் பறவைகள் கூடிவிட்டன. "சரியான இடமாப் பார்த்து நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றது ஆண் காடை.

பெண் காடை கரிச்சானைப் பார்த்தது. கரிச்சானுக்கு மறுத்துச் சொல்ல ஆசைதான். ஆனால் அலகில் ஒரு கொழுத்த வெட்டுக்கிளி உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. கரிச்சான் வாயைத் திறக்கவில்லை.